‘அடுத்த மாடல் வரட்டும்’ என்று நான் சொன்ன ஒன்பது வருடங்கள்

1. தோசைக்கல்

1998 பிப்ரவரியில் ஒரு காலை. எங்கள் டி.வி., ஆடியோ கடையின் ஷட்டரை நான் முழுதாகத் தூக்கி முடிப்பதற்குள் ஏலக்காய் வியாபாரி ஒருவர் உள்ளே வந்துவிட்டார். ஒரு கையில் லேசர் டிஸ்க் ப்ளேயர், மற்றக் கையில் நாலைந்து டிஸ்க். இரண்டு வருடத்துக்கு முன்பு என் பேச்சைக் கேட்டு வாங்கியவர். டிஸ்க் ஒன்றை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார். கிராமபோன் தட்டு அளவு இருக்கும்.

“எடோ, இது என்னடோ? தோசைக்கல்லா? என் மருமவன் துபாய்ல இருந்து ஒரு தட்டு கொண்டாந்திருக்கான். பப்படம் அளவுதான். முழுப் படமும் அதுக்குள்ள இருக்கு. நீ எனக்கு வித்ததுல நான் தோசை சுடட்டுமா?”

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் பத்து மணிக்கு இப்படி ஒருவர் கத்தினால் எதிர்வரிசைக் கடைகள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வரும். வந்தார்கள். எங்கள் முதலாளி ஹம்ஸா இக்கா அவரை உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

“பரமு, இது பழசாகும்னு அறிஞ்சிட்டுத்தானா வித்தே?”

“இல்லை இக்கா.”

“பின்னே விடு. நாளைக்கு என்ன வரும்னு படச்சவனுக்குத்தான் தெரியும்.”

என்னால் விட முடியவில்லை. நான் 1994இல் அந்தக் கடையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவன். விற்பதும் நான், வீட்டுக்குப் போய் மாட்டுவதும் நான். தெருவே பார்க்கத் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இனி யாருக்கும் எதையும் விற்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

எறணாகுளம் பிராட்வேயில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு வெளிநாட்டு ஆடியோ பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். நாலைந்து மாதம் பழையதாக இருக்கும். மாதம் ஒரு தடவை போட் பிடித்துப் போய் அள்ளி வருவேன். எந்த கனெக்‌ஷன் எந்த வருடம் எந்த ஊரில் வந்தது, நம் ஊருக்கு வர எத்தனை மாதம் எடுத்தது என்று டயரியில் குறித்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் என் கணிப்புகள் பலிக்கத் தொடங்கின. வாங்க வருகிறவர்களிடம், “இப்ப வேண்டாம், அடுத்த மாடல் வரட்டும்” என்று தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பஜாரில் எனக்கு ‘வெயிட்டிங் பரமு’ என்று பெயர் விழுந்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

2. பம்ப் ஹவுஸ்காரர்

1999 ஆகஸ்ட், ஓணத்துக்கு முந்தின வாரம். மாணிக்கம் அண்ணனும் அவர் மனைவி செல்லம் அக்காவும் கடைக்கு வந்தார்கள். கொச்சங்காடியில் வீடு. அண்ணனின் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். வீட்டில் தமிழ்தான் என்றாலும் அது பாதி மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழ். அண்ணன் வாட்டர் அத்தாரிட்டியின் தண்ணீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். இருபத்தாறு வருடம் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றவர். அதனால் எதையும் கூவித்தான் சொல்வார்.

“தம்பி! பின்னாலேருந்து சத்தம் வருதே, அந்த செட் வேணும்!”

“மெதுவா சொல்லுங்க. கடை இடிஞ்சு விழுந்தா நாமதான் கட்டிக் கொடுக்கணும்” என்றார் அக்கா.

விஷயம் இதுதான். இருவரும் எறணாகுளத்தில் ஒரு தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள். அங்கே அப்போதுதான் டிஜிட்டல் சவுண்ட் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு மழைக் காட்சி வந்திருக்கிறது. முதலில் திரையில் பெய்த மழை அப்படியே தலைக்கு மேலே வந்து முதுகுக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. அண்ணன் எழுந்து நின்று தியேட்டர் கூரையைப் பார்த்தாராம்.

“ஓடு ஒழுகுதுன்னு நெனச்சிட்டாரு. ‘செல்லம், குடை எங்கே’ன்னு என்கிட்ட கேக்காரு. முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் சிரிக்குது” என்று அக்கா சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரிச்சா சிரிக்கட்டும். அந்த மாதிரி ஒரு மழையை நான் என் ஆயுசுல கேட்டதில்ல” என்றார் அண்ணன்.

திரும்பவும் தியேட்டருக்குப் போக முடியாததற்குக் காரணம் இருந்தது. படம் விட்டு வந்த பிறகு மூன்று நாள் அவர் காதுக்குள் சீவிடு என்கிற சில்வண்டு கத்துவது போல ஓர் இரைச்சல் நிற்கவே இல்லை. டாக்டரிடம் போயிருக்கிறார். டாக்டர் சோதித்துக் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பெரிய சத்தம் இருக்கிற இடத்துக்குப் போகாதீங்கன்னு சொல்லிட்டாரு. பம்ப் ஹவுஸ் வேலையை என்ன செய்ய, அது சோறு. காது இனி திரும்ப வராதாம், கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டேதான் இருக்குமாம். ஏழெட்டு வருஷம் பாக்கி இருக்கும், கேக்கணும்னு ஆசைப்பட்டதை எல்லாம் கேட்டுக்கோங்கன்னாரு. வீட்டுல வச்சா நமக்குத் தக்கபடி சத்தத்தைக் குறைச்சுக் கேக்கலாம் அல்லே தம்பி?”

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. அது ஸ்பீக்கர் பெட்டியோடு வரும் ஃப்ரீக்வென்ஸி கிராஃப் போலவே இருந்தது. நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது கூர்மையான சத்தங்கள் வரும் இடத்தில், ஒரு பள்ளம். “பாருங்க அண்ணா, இந்த இடத்துலதான் உங்களுக்கு விழுது” என்று விரல் வைத்து விளக்கினேன். அந்தக் கோட்டை அன்றே என் டயரியில் வரைந்தும் வைத்தேன். அதற்குக் கீழே டாக்டர் சொன்ன ஏழெட்டு வருடத்தையும் குறித்தேன்.

கடையில் அப்போது இருந்தது பழைய வகை சரவுண்ட் ரிசீவர், சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து ஸ்பீக்கர் மாட்டலாம். ஆனால் பின்னால் இருக்கும் இரண்டும் ஒரே சத்தத்தைத்தான் போடும். அதுவும் ஏழாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் இன்னும் கூர்மையான சத்தங்களை வெட்டிவிடும். ஐந்தும் தனித்தனியாகப் பேசும் டிஜிட்டல் ரிசீவர் எப்படியும் ஒரு வருடத்தில் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

“இப்ப வேண்டாம் அண்ணா. இதுல பின் சத்தம் முழுசா வராது. ஒரு வருஷம் பொறுங்க.”

இக்கா கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். அண்ணனுக்கோ என் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

“சரியாச் சொன்னே. பம்புக்கும் இதேதான். அவசரப்பட்டு மோட்டாரைப் பெருசா மாத்தினா பைப் தாங்காது. விக்கிற இடத்துல இருந்துட்டு வாங்காதேன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கேன்.”

செல்லம் அக்கா மட்டும் கிளம்பும்போது அந்த ரிசீவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

3. வயர்கள்

நான் சொன்னபடி டிஜிட்டல் ரிசீவர் வந்தது. 2001 ஜனவரியில் அண்ணன் வந்தார். ஆப்டிகல், கோஆக்சியல் என்று வயர்களின் பெயர்களை எல்லாம் பக்கத்து வீட்டு டி.வி. மெக்கானிக்கிடம் கேட்டுப் படித்துவிட்டு வந்திருந்தார். சத்தத்தில் நான் சொல்லக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படத்துக்கு கம்போனன்ட் என்று புதிதாக மூன்று வயர் வந்துகொண்டிருந்தது. இந்த ரிசீவரில் அதைச் சொருக இடம் இல்லை.

“இன்னிக்கு இதை வாங்கினா, டி.வி. மாத்தும்போது இதையும் தூக்கிப் போடணும். ஒரே வருஷம்தான்.”

“செரி, தம்பி சொன்னா செரி” என்றார் அண்ணன்.

அடுத்து அவர் வந்தது 2003 நவம்பரில். அந்த வருடம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். கம்போனன்ட் வைத்த ரிசீவர் கடையில் தயாராக இருந்தது. ஆனால் அதற்குள் நான் இன்னொன்றைப் படித்துவிட்டேன். எச்.டி.எம்.ஐ. என்று ஒன்று வந்திருக்கிறது. படமும் சத்தமும் ஒரே வயரில் போகும். அது வந்துவிட்டால் மற்ற வயர்களுக்கு எல்லாம் வேலை இல்லை. இதை நான் சொன்னபோது செல்லம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“வயரு மூணு இருந்தா என்ன, முப்பது இருந்தா என்ன தம்பி? நாங்க என்ன வயரையா உக்காந்து பாக்கப் போறோம்?”

“இல்லக்கா, அப்புறம் வருத்தப்படுவீங்க.”

“என்ன சொல்றாரு?” என்று அண்ணன் அக்காவைக் கேட்டார். அக்கா நான் சொன்னதை அவர் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, திரும்பச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். “தம்பி படிச்சவன். காரணம் இல்லாம சொல்ல மாட்டான்.”

அன்றைய டயரியில் நான் எழுதியிருப்பது இது: ‘மாணிக்கம் அண்ணன் இப்போது எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் பேசுகிறார்.’ அதற்கு அடுத்த வரி எச்.டி.எம்.ஐ. எப்போது இந்தியாவுக்கு வரும் என்ற என் கணக்கு.

அவர்கள் போன பிறகு இக்கா என்னைக் கூப்பிட்டார்.

“எடா, நீ கடைக்கு ஆள் சேர்க்கிறியா, ஆளை ஓட்டுறியா?”

“நல்லதுக்குத்தான் இக்கா.”

“யாரோட நல்லதுக்கு? அந்த மனுஷன் நாலு வருஷமா ஆசையோட வாரான், ஆசையோடவே திரும்பிப் போறான். பசிச்சு வந்தவன்கிட்ட நாளைக்கு பிரியாணி, இன்னிக்கு சும்மா இருன்னு சொல்லுவியா நீ?”

விற்கத் தெரிந்தவரின் பேச்சு என்று அதை நான் ஒதுக்கிவிட்டேன். இக்கா பணத்துக்காகச் சொல்கிறார், நான் நியாயத்துக்காகச் சொல்கிறேன் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

2006இல் எச்.டி.எம்.ஐ. சாக்கெட் வைத்த ரிசீவர்கள் கொச்சிக்கு வந்தன. பிரித்துப் பார்த்தால் அரைகுறை வேலை. படத்தை மட்டும் அந்த வயர் வழியே கடத்தும், சத்தத்துக்குத் தனியாக வேறு வயர் போட வேண்டும். போதாததற்கு அந்த வருடம் புது டிஸ்க்கிலும் இரண்டு கட்சி. இரண்டு கம்பெனிக் கூட்டம், இரண்டு வகைத் தட்டு. எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தோசைக்கல் எனக்கு மறக்கவில்லை. அண்ணனுக்கு நானே போன் செய்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். போனை எடுத்தது அக்கா. “அவர்கிட்ட சொல்லிடறேன்” என்றார். போனை வைத்துவிட்டார். முன்பெல்லாம் அண்ணன்தான் போனை எடுப்பார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

4. ஐந்து மூலையிலும் சத்தம்

2008 தொடக்கத்தில் டிஸ்க் சண்டையில் ஒரு கட்சி கடையைக் கட்டியது. ப்ளூ-ரே ஜெயித்தது. படம், சத்தம் இரண்டையும் ஒரே வயரில் வாங்கி, எல்லா வகையையும் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர்கள் வந்தன. எனக்குத் தெரிந்து இதற்கு மேல் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. நவம்பரில் மாணிக்கம் அண்ணன் வீட்டில் மாட்டினேன்.

காலை ஒன்பது மணிக்குப் போனேன். தட்டை டி.வி., ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்-வூஃபர். வயர் ஒன்றும் கண்ணில் படாமல் சுவரோரப் பட்டைக்குள் இழுத்தேன். ஸ்பீக்கர்களின் உயரத்தை, அண்ணன் உட்காரும் நாற்காலியில் அவர் காது இருக்கும் இடத்திலிருந்து டேப் வைத்து அளந்தேன். என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வீட்டிலும் மாட்டியதில்லை.

முடிந்ததும் டெஸ்ட் டோன் போட வேண்டும். ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இரண்டு விநாடி ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தத்தைச் சுற்றி அனுப்பும். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து, சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கையைக் காட்டச் சொல்வது என் வழக்கம். எல்லோருக்கும் இது பிடிக்கும். குழந்தைகள் போலச் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா டி.வி.க்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்.

முன் இடது. கொஞ்சம் தாமதமாக, ஆனால் சரியாகக் காட்டினார். நடு. சரி. முன் வலது. சரி. பின் வலது. அண்ணனின் கை ஒரு விநாடி அந்தரத்தில் நின்றது. பிறகு தோளுக்கு மேலாகப் பின்னால் காட்டினார். சரிதான். பின் இடது. அதுவும் சரி.

“எல்லாம் கரெக்ட் அண்ணா!” என்றேன். ஒரு சுற்று இன்னும் போடலாம் என்று விட்டேன். இந்தத் தடவை நான் கவனித்தது அண்ணனின் கையை அல்ல, அவர் எங்கே பார்க்கிறார் என்பதை. முன் ஸ்பீக்கர் பேசும்போது அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். பின் ஸ்பீக்கர் பேசும்போது அக்காவைப் பார்த்தார். அக்காவின் கண் வலது மூலைக்குப் போனது, அண்ணனின் கை வலது மூலைக்குப் போனது. கண் இடது மூலைக்குப் போனது, கையும் அங்கே போனது.

பின் ஸ்பீக்கர்களின் அளவைப் பத்து டெசிபல் கூட்டினேன். அண்ணன் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார். “குத்துது தம்பி, குறை.” ஒன்றும் கேட்காமல் இருந்தது சட்டென்று வலியாகிவிட்டது. கேட்கும் அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் நடுவில் அவருக்கு இடமே மீதி இல்லை. பேச்சு கேட்பதற்காக டாக்டர் கொடுத்திருந்த கருவியைக் காதில் வைத்தும் பார்த்தோம். அது எல்லாத் திசைச் சத்தத்தையும் ஒரே குழாயில் வாங்கி ஊதியது.

நான் கொண்டு போயிருந்த டிஸ்க்கில் ஒரு மழைக் காட்சி உண்டு. அதைப் போட்டேன். அந்தச் சின்ன வீட்டுக்குள் ஐந்து மூலையிலும் மழை இறங்கியது. ஒன்பது வருடமாக நான் மனதில் கேட்ட அதே மழை. அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இடி விழுந்தபோது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு தம்பி. கால்ல தெரியுது.”

சப்-வூஃபர் தரையை உலுக்கியதைச் சொன்னார்.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது அக்கா கேட் வரை வந்தார்.

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“ரெண்டாவது சுத்துல.”

“நீங்க கண்டுபிடிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம். பாவம், நேத்துலேருந்து ஒரே குஷி.”

5. இரண்டு கோடுகள்

மறுநாள் கடையில் 1999 டயரியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மாணிக்கம் அண்ணனின் காது, நாலாயிரத்தில் பள்ளத்தோடு நான் வரைந்த கோடு. அதற்கு எதிர்ப் பக்கத்தில், வேண்டாம் என்று நான் ஒதுக்கிய ரிசீவரின் குறைகள், என் கையெழுத்தில். ‘பின் சத்தம் ஏழாயிரத்துக்கு மேல் வராது.’ நாலாயிரத்திலேயே தடுமாறிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, ஏழாயிரத்துக்கு மேல் இல்லை என்று காரணம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒன்பது வருடம் முகத்தோடு முகம் ஒட்டித்தான் கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ரிசீவரின் குறை எதுவும் அவருக்குக் குறையாகவே இருந்திருக்காது. பின்னால் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மழையைப் பெய்தால் என்ன? அவர் கேட்டது பின்னாலிருந்து மழை வேண்டும் என்றுதான்.

ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன தொழில்நுட்பக் காரணம் சரிதான். இன்றைக்குத் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது. வரப்போகும் சாக்கெட்டுகளுக்கு எல்லாம் மாதக் கணக்கு வைத்திருந்தேன். எதிரில் நின்ற மனிதருக்கு டாக்டர் சொன்ன கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, அதை என் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். தெருவில் இன்னொரு தடவை திட்டு வாங்கக் கூடாது என்ற பயம்தான் அத்தனை வருடமும் எனக்குள் வேலை செய்தது. அதற்கு நான் நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

2011இல் கடையை விட்டு வரும் வரை, மீதி மூன்று வருடமும் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். செட் மாற்றலாமா, பொறுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் இருக்கும் சாக்கெட்டுகளைப் பற்றி முதலில் கேட்பதில்லை. இதை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள், அவர்களுக்கு இப்போது எப்படிக் கேட்கிறது, ஏன் இப்போது தோன்றியது என்று கேட்பேன். பதிலைக் கேட்டுவிட்டு, பெரும்பாலும் இருப்பதைக் கொடுத்துவிடுவேன். அடுத்த வருடம் வேறு சாக்கெட் வரும் என்பதையும் சொல்வேன். வந்தால் ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

மாணிக்கம் அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. 2010 டிசம்பரில் மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலிருந்து எறணாகுளம் போகும் போட்டில் இருவரையும் பார்த்தேன். அண்ணன் ஓரமாக உட்கார்ந்து காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப் பலகையில் உட்கார்ந்து சொன்னேன்.

“அண்ணா, 1999லயே அந்த செட்டை நான் உங்களுக்குத் தந்திருக்கணும். தப்பு என்னோடது.”

அவர் என் வாயைப் பார்த்தார், சிரித்தார், “ஆமா தம்பி, ஆமா” என்றார். பிறகு காயல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எஞ்சின் சத்தத்துல அவருக்கு ஒண்ணும் விழாது. என்ன, சொல்லுங்க?” என்றார் அக்கா.

அவரிடம் மறுபடி சொன்னேன். அக்காவின் முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“நீங்க நல்லதுதான் நெனச்சீங்க தம்பி. அதுல ஒரு சந்தேகமும் இல்ல” என்றார். பிறகு, “ஆனா கேட்டிருப்பாரு. ஏழு வருஷம் கேட்டிருப்பாரு” என்றார்.

எறணாகுளம் ஜெட்டி வந்தது. மணியடித்ததும் எல்லோரும் எழுந்து பலகைகளுக்கு நடுவே நெருக்கத் தொடங்கினார்கள். அண்ணன் உட்கார்ந்தபடியே இருந்தார். அக்கா அவர் தோளில் கை வைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்தார்.